அமெச்சூர் வானொலிப் போட்டிகளில் புள்ளி பகிர்தல்

அமெச்சூர் வானொலிப் போட்டிகளில் புள்ளி பகிர்தல் என்பது, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் ஒரு போட்டி முடிந்தவுடன் தாம் ஈட்டியதாகக் கணக்கிட்ட புள்ளிகளை ஏனைய போட்டியாளர்களுக்கு அறிவிக்கும் வழக்கம் ஆகும். இவ்வாறு அறிவிக்கப்படும் எண் கோரப்பட்ட புள்ளி எனப்படுகிறது. போட்டியை நடத்துவோர் எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னர் வெளியிடுவது இறுதிப் புள்ளி ஆகும். இவ்விரண்டும் ஒன்றாக அமைவது அரிது. பெரும்பாலும் இறுதிப் புள்ளி குறைவாகவே இருக்கும்.

இக்கட்டுரையில் உலகின் மிகப் பெரிய அமெச்சூர் வானொலிப் போட்டியான சி.க்யூ. உலகளாவிய டிஎக்ஸ் போட்டி முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் சமவெளியிலிருந்து இயங்கும் ஒரு நிலையத்துக்கு இவ்வழக்கம் எவ்வாறு பொருந்துகிறது என்பதும் விளக்கப்படுகிறது.

போட்டியின் அமைப்பு

சி.க்யூ. உலகளாவிய டிஎக்ஸ் போட்டி 1948ஆம் ஆண்டு தொடங்கியது. அமெரிக்காவில் வெளிவந்த சி.க்யூ. என்ற இதழின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டோடு அவ்விதழ் நின்றுபோன பின்னரும் போட்டி தொடர்ந்து நடைபெறுகிறது. குரல்வழிப் போட்டி அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்சு குறிமுறைப் போட்டி நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலும் நிகழும். ஒவ்வொன்றும் 48 மணி நேரம் நீடிக்கும். 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் ஆகிய ஆறு அலைவரிசைகளில் தொடர்பு கொள்ளலாம்.

இரு நிலையங்கள் தொடர்பு கொள்ளும்போது பரிமாறிக்கொள்ள வேண்டியவை அழைப்புக்குறி, சமிக்ஞையின் தரத்தைக் குறிக்கும் எண், மண்டல எண் ஆகியன. இப்போட்டிக்காக உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியப் பெருநிலமும் இலங்கையும் 22ஆம் மண்டலத்தில் அடங்கும். எனவே திண்டுக்கல்லிலிருந்து பேசுபவர் "ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு" என்று இரண்டு நாட்களும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும். வேறு போட்டிகளில் வேறு செய்திகள் பரிமாறப்படுகின்றன. சப்பானிய அமெச்சூர் வானொலிக் கழகம் நடத்தும் அனைத்தாசியப் போட்டியில் இயக்குநர் தம் வயதைச் சொல்லவேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

3830 என்னும் எண்

புள்ளி பகிர்தலின் வரலாற்றில் 3830 என்னும் எண் தனி இடம் பெற்றுள்ளது. போட்டியின் அதிகாரப்பூர்வ முடிவுகள் அச்சில் வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை பொறுத்திருக்க விரும்பாத அமெரிக்கப் போட்டியாளர்கள், போட்டி முடிந்த ஞாயிறு மாலையில் 80 மீட்டர் அலைவரிசையில் 3830 கிலோஹெர்ட்ஸ் அலையெண்ணைச் சுற்றிக் கூடி, எவர் எவ்வளவு தொடர்புகள் கொண்டார் என்று பேசிக்கொள்வது வழக்கமாயிற்று. 1990களில் இப்பகிர்வு கணினி வழிக்கு மாறத் தொடங்கியது. ஆயினும் அலையெண்ணே வழக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று ஒரு போட்டியாளர் "3830க்கு எழுதினேன்" என்று கூறினால் தம் கோரப்பட்ட புள்ளியை அறிவித்துவிட்டார் என்றே பொருள்.

இந்தியப் போட்டியாளர்களுக்கு இந்த அலையெண் வான்வழியில் பயன்பட்டதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது சட்டம் பற்றியது. 1978ஆம் ஆண்டின் இந்திய அமெச்சூர் வானொலி விதிகளின்படி 80 மீட்டர் பகுதியில் 3500 முதல் 3700 கிலோஹெர்ட்ஸ் வரையும், 3890 முதல் 3900 கிலோஹெர்ட்ஸ் வரையுமே ஒதுக்கப்பட்டிருந்தன. 3830 இவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறது. ஐரோப்பாவிலும் இப்பகுதி 3800 கிலோஹெர்ட்சோடு முடிந்துவிடுவதால் அந்நாட்டவரும் அங்கே அலைபரப்ப இயலாது.

இரண்டாவது காரணம் கடிகாரம். போட்டி ஒருங்கிணைந்த உலக நேரப்படி ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது ஞாயிறு மாலை. இரவுணவுக்குப் பின் அமைதியாகப் பேசிக்கொள்ள நேரம் உண்டு. இந்திய நேரப்படி போட்டி சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 5.29 மணிக்கு முடிகிறது. இரண்டு இரவுகள் சரியாக உறங்காத திண்டுக்கல்காரர் அடுத்த சில மணி நேரத்தில் அலுவலகத்திலோ கல்லூரியிலோ கடையிலோ இருக்கவேண்டும். புள்ளி பகிர்தல் இங்கே திங்கட்கிழமை மாலைக்குத் தள்ளிப்போவது இயல்பே.

இந்த நேர அமைப்பினால் ஒரு நன்மையும் உண்டு. அக்டோபர், நவம்பர் மாதக் கடைசியில் திண்டுக்கல்லில் சூரிய உதயம் காலை 6.10 முதல் 6.20 மணி வரையில் நிகழ்கிறது. ஆகவே போட்டியின் கடைசி மணி நேரம் விடியலுக்கு முந்திய இருட்டில் அமைகிறது. அந்நேரத்தில் ஐரோப்பாவும் இரவில் இருப்பதால் 40, 80 மீட்டர் அலைவரிசைகளில் அத்திசைத் தொடர்புகள் நன்கு கிடைக்கும். கடைசி நிமிடம் வரை புள்ளி ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் முன்கூட்டியே கணக்கை முடித்துவைக்க முடியாது.

புள்ளிக் கணக்கு

பகிரப்படும் எண்ணைப் புரிந்துகொள்ள அது எவ்வாறு உருவாகிறது என்பதை அறிதல் வேண்டும். வேறு கண்டத்து நிலையத்துடன் கொள்ளும் தொடர்புக்கு 3 புள்ளிகள். அதே கண்டத்தில் வேறு நாடு எனில் 1 புள்ளி. வட அமெரிக்காவுக்குள் மட்டும் இது 2 புள்ளிகள். சொந்த நாட்டு நிலையத்துக்குப் புள்ளி இல்லை. ஆனால் மண்டலம், நாடு ஆகிய பெருக்கிகளாக அது கணக்கில் சேரும். ஒவ்வோர் அலைவரிசையிலும் தொட்ட மண்டலங்களையும் நாடுகளையும் கூட்டி வரும் தொகையால், தொடர்புப் புள்ளிகளின் கூட்டுத்தொகையைப் பெருக்கினால் மொத்தப் புள்ளி கிடைக்கும்.

இவ்விதியின் விளைவுகள் சில விந்தையானவை. திண்டுக்கல்லிலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தில்லிக்குப் புள்ளி எதுவும் இல்லை. ஏறத்தாழ 240 கிலோமீட்டரில் உள்ள யாழ்ப்பாணத்துக்கு 1 புள்ளி. அந்தமானும் இலட்சத்தீவும் அமெச்சூர் வானொலிக் கணக்கில் தனித்தனி நாடுகளாகக் கொள்ளப்படுவதால் அவற்றுக்கும் 1 புள்ளி உண்டு. சிங்கப்பூருக்கு 1, ஆப்பிரிக்கக் கண்டத்தில் சேரும் மொரீசியசுக்கு 3. சப்பானில் அமெச்சூர் நிலையங்கள் மிகுதி. எனினும் அவையும் ஆசியாவே என்பதால் இந்திய நிலையத்துக்கு ஒவ்வொன்றும் 1 புள்ளிதான் தரும். ஐரோப்பியர் ஒருவர் அதே சப்பானிய நிலையத்தால் 3 புள்ளிகள் பெறுவார். எனவே ஐரோப்பியப் புள்ளியையும் இந்தியப் புள்ளியையும் நேராக ஒப்பிடுதல் பொருந்தாது.

ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒருவர் 200 ஐரோப்பிய நிலையங்களையும் 100 பிற ஆசிய நிலையங்களையும் 10 இந்திய நிலையங்களையும் தொடர்பு கொண்டார் எனக் கொள்வோம். தொடர்புப் புள்ளிகள் 600, 100, 0 என மொத்தம் 700. பெருக்கிகள் 35 மண்டலங்களும் 65 நாடுகளுமாக 100. கோரப்பட்ட புள்ளி 70,000 ஆகும்.

கோரப்பட்ட புள்ளியும் இறுதிப் புள்ளியும்

தாளில் பதிவேடு எழுதிய காலத்தில் இக்கணக்கு கையால் போடப்பட்டது. ஒரே நிலையத்தை ஒரே அலைவரிசையில் இருமுறை எழுதியிருக்கிறோமா என்று அகரவரிசைப் பட்டியல் வைத்துத் தேடவேண்டியிருந்தது. சுருக்கத் தாளும் பதிவேடும் வான் அஞ்சலில் அமெரிக்கா சென்றன. இப்போது பதிவேட்டு மென்பொருள் ஒவ்வொரு தொடர்பின் பின்னும் கூட்டுத்தொகையைக் காட்டிவிடுகிறது. பதிவேடுகள் கப்ரில்லோ என்ற பொது வடிவில் அனுப்பப்படுகின்றன. அவ்வடிவின் தலைப்பிலேயே கோரப்பட்ட புள்ளிக்கென ஒரு வரி உண்டு.

போட்டிக் குழுவினர் வந்துசேர்ந்த பதிவேடுகள் அனைத்தையும் கணினியால் குறுக்குச் சரிபார்ப்புச் செய்வர. ஒருவர் எழுதிய தொடர்பு எதிர் நிலையத்தின் பதிவேட்டில் இல்லாவிடினும், அழைப்புக்குறியை அவர் தவறாகக் கேட்டு எழுதியிருந்தாலும் அத்தொடர்பு நீக்கப்படும். அதோடு அதன் மதிப்பைப் போல் இருமடங்கு தண்டப் புள்ளியாகக் கழிக்கப்படும். மேற்கண்ட கணக்கில் 200 ஐரோப்பியத் தொடர்புகளில் 5 தவறானவை எனக் கொண்டால் 15 புள்ளிகள் நீங்கும். தண்டமாக மேலும் 30 கழியும். மீதம் 655. அத்தவறுகளால் 2 பெருக்கிகளும் போயின என்றால் 98 மிஞ்சும். இறுதிப் புள்ளி 64,190. மொத்தம் 310 தொடர்புகளில் 5 பிழைகள் என்பது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. புள்ளி இழப்போ நூற்றுக்கு எட்டுக்கும் மேல்.

ஆகையால் பகிரப்பட்ட பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் இறுதிப் பட்டியலில் இரண்டாமிடத்துக்கு இறங்குவது அவ்வப்போது நிகழக்கூடியதே. வேகமாக இயங்கிக் கவனம் குறைந்தவரை, மெதுவாகச் சரியாகக் கேட்டவர் முந்திவிடுவார். இதை அறிந்தவர்கள் கோரப்பட்ட புள்ளியைப் பார்க்கும்போதே சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்துவதில்லை.

பகிர்தலும் நேர்மையும்

புள்ளி பகிர்தலில் ஓர் உள்ளார்ந்த இடர் இருக்கிறது. பதிவேட்டை அனுப்புவதற்கு முன்பே போட்டியாளரின் எண் தெரிந்துவிட்டால், தம் பதிவேட்டைச் சற்றுத் திருத்தி முன்னேறும் ஆசை ஒருவருக்கு எழலாம். ஐயமான அழைப்புக்குறிகளைப் பட்டியல்களைக் கொண்டோ ஒலிப்பதிவைக் கேட்டோ பிறரிடம் வினவியோ போட்டிக்குப் பின் சரிசெய்வதை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. வானில் கேட்டு எழுதியதே பதிவேடு என்பது இதன் அடிப்படை. தாள் காலத்தில் வாரக்கணக்கில் இருந்த கால அவகாசம் சி.க்யூ. உலகளாவிய போட்டியில் 2012 முதல் 5 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அனுப்பப்படும் பதிவேடுகள் பின்னர் எவரும் காணும்படி வெளியிடப்படுகின்றன. ஆகவே இன்றைய நிலையில் புள்ளியை மிகைப்படுத்திச் சொல்வதால் ஒருவருக்குச் சில மாதப் பெருமைக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை.

மாறாக, எண்ணை மறைத்துவைப்பதும் நல்ல வழக்கமாகக் கருதப்படுவதில்லை. போட்டி என்பது ஆயிரக்கணக்கான நிலையங்கள் ஒன்றையொன்று அழைப்பதால் மட்டுமே நடப்பது. சில மணி நேரமே இயங்கிய சிறிய நிலையமும் தன் எண்ணைச் சொல்வது வரவேற்கப்படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறுபவருக்குச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. எனவே திண்டுக்கல் நிலையத்தின் உண்மையான போட்டியாளர் கரிபியன் தீவில் உயர்ந்த கோபுரங்களோடு இயங்கும் குழு அன்று. அதே பிரிவில் இயங்கிய மற்றோர் இந்தியரே ஆவார். பட்டியல் வெளியானதும் இந்தியர்கள் முதலில் தேடுவது வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறிகளையே.

பிரிவுகள் மின்திறனைக் கொண்டும் வகுக்கப்படுகின்றன. 5 வாட்டு வரை குறைந்தபட்சத் திறன். 100 வாட்டு வரை குறைதிறன். அதற்கு மேல் 1500 வாட்டு வரை உயர்திறன். இந்தியப் பொதுத் தர உரிமத்தில் 400 வாட்டு வரையே அனுமதி என்பதால், உயர்திறன் பிரிவில் சேரும் இந்தியர் தொடக்கத்திலேயே பின்தங்கியவராகிறார். குறைதிறன் பிரிவில் அனைவரும் சமம்.

அறிக்கையில் இடம்பெறுவன

புள்ளியோடு சேர்த்துப் பிரிவு, இயங்கிய நேரம், அலைவரிசை வாரியாகத் தொடர்புகள், மண்டலங்கள், நாடுகள், பயன்படுத்திய கருவி, ஆன்டெனா ஆகியன தரப்படும். இறுதியில் சில வரிகள் குறிப்பு எழுதப்படும். அனுபவமுடையோர் எண்ணைவிட இக்குறிப்பையே விரும்பிப் படிப்பர். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எத்திசைக்குத் திறந்தது என்பது அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு உதவுகிறது.

தென் தமிழகத்தில் இக்குறிப்புகளுக்குரிய பொருள் வானிலையே. போட்டிகள் இரண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. மாலை இடி மின்னலின்போது ஆன்டெனாக் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிடுவதே பாதுகாப்பு. அந்த மணி நேரங்கள் இழப்பு. மழை தொலைவில் பெய்தாலும் 80, 160 மீட்டர்களில் இரைச்சல் ஏறும். சில ஆண்டுகளில் தீபாவளியும் இந்நாட்களை ஒட்டி வந்துவிடும். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே தமிழகத்தின் பல பகுதிகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. 100 வாட்டுக் கருவி ஒன்று அலைபரப்பும்போது 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். மின்கலத்தை நம்பி 48 மணி நேரம் ஓட்டுவது எளிதன்று. அத்தகைய ஆண்டின் எண்ணை மற்றோர் ஆண்டின் எண்ணோடு ஒப்பிடுபவர் இதனையும் கருத்தில் கொள்ளல் வேண்டும். மின்வெட்டின்போது சுற்றுப்புற மோட்டார்களும் விளக்குகளும் ஓய்ந்து, கேட்கும் இரைச்சல் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது வேறு செய்தி.

சூரியப் புள்ளிகளும் போட்டிப் புள்ளிகளும்

ஆண்டுக்கு ஆண்டு புள்ளிகள் ஏறி இறங்குவதற்கு முதன்மைக் காரணம் சூரியன். ஏறத்தாழ 11 ஆண்டு சுழற்சியில் சூரியப் புள்ளிகள் மிகும்போது அயனிமண்டலம் செறிவுற்று, 10, 15 மீட்டர் அலைகள் உலகைச் சுற்றிவரும். குறையும்போது 10 மீட்டர் பல நாட்கள் மௌனமாகிவிடும். 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் 2019இலும் தாழ்நிலை இருந்தது. 2014இலும் 2024இலும் உச்சம் நிகழ்ந்தது. அலைவரிசை ஒன்று திறந்தால் புள்ளி மட்டுமன்றிப் பெருக்கிகளும் கூடுவதால், ஒரே இயக்குநர் ஒரே கருவியால் பெறும் எண் பல மடங்கு மாறக்கூடும்.

இப்புள்ளிகளை நூறாண்டுகளுக்கு மேலாகப் பதிவு செய்துவரும் ஆய்வுக்கூடம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்செட் சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். அது எவர்செட் விளைவு எனப்படுகிறது. இங்கு அயனிமண்டல ஆய்வும் நடைபெற்றுள்ளது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்வதே இதற்குக் காரணம். தும்பாவில் 1963இல் ஏவுகணைத் தளம் அமைந்ததற்கும் இதுவே காரணம்.

சட்ட நிலை

அமெச்சூர் வானொலியில் வணிகச் செய்திகளைப் பரிமாறுதல் கூடாது. பன்னாட்டு வானொலி ஒழுங்குமுறைகள் இச்சேவையின் நோக்கத்துக்கு உட்பட்ட செய்திகளையும் தனிப்பட்ட தன்மையுடைய குறிப்புகளையும் அனுமதிக்கின்றன. போட்டிப் புள்ளியை வான்வழியே சொல்லிக்கொள்வது இவ்வரம்புக்குள் அடங்கும். இந்தியாவில் உரிமம் பெறாமல் அலைபரப்புவது குற்றம். ஆனால் போட்டிகளைக் கேட்டுப் பழகுவது மாணவர்களுக்கு நல்ல தொடக்கமாகும்.

இப்பழக்கத்தின் பயன் போட்டிக்கு வெளியேயும் தெரிந்தது உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயரில் அமெச்சூர் வானொலிப் பயணத்துக்காகத் தங்கியிருந்த குழுவினர், உலக நிலையங்களை விரைந்து தொடர்புகொள்ள அமைத்திருந்த கருவிகளையே அவசரச் செய்தித் தொடர்புக்குத் திருப்பினர்.

கட்டங்களைக் கொண்ட போட்டிகள்

மிகு உயர் அலையெண் போட்டிகளில் நாடுகளுக்குப் பதிலாக மெய்டன்ஹெட் கட்டங்கள் பெருக்கிகளாக அமைவது வழக்கம். ஒவ்வொரு கட்டமும் 2 பாகை நெட்டாங்கும் 1 பாகை அகலாங்கும் கொண்டது. அறிக்கையில் அழைப்புக்குறிக்கு அடுத்துக் கட்டத்தின் பெயரும் எழுதப்படும். திண்டுக்கல் நகரம் எம்.கே.80 என்ற கட்டத்தில் உள்ளது. பழனி, வேடசந்தூர், கொடைக்கானல் ஆகியனவும் அதிலேயே அடங்கும். 10 பாகை வட அகலாங்கு இடையே செல்வதால் மதுரை எம்.ஜே.99 ஆகிவிடுகிறது.

இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் உயரமே இங்கு செல்வம். கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் அகில இந்திய வானொலியின் பண்பலை சமவெளியெங்கும் கேட்பதும் இதனாலேயே. சமவெளியில் இருப்பவருக்கு மேற்கே பழனி மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் தடையாக நிற்கின்றன. எனினும் 78 பாகை கிழக்கு நெட்டாங்கு திண்டுக்கல் நகருக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே செல்கிறது. அதைத் தாண்டி நத்தம் சாலையில் கருவியோடு சென்று நிறுத்தினால் எம்.கே.90 என்ற வேறு கட்டம் தொடங்கிவிடும். அங்கிருந்து அழைக்கும் நகர்நிலையம் தன் அறிக்கையில் கட்டத்தை மாற்றி எழுதவேண்டும்.